கையெழுத்து வைக்க முன்னர்



கடந்த மாதம் ஒரு பின்னேரம் குண்டசாலையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தங்கை வன்னியில் பிறந்தவர். 2009ஆம் ஆண்டு முகாமுக்கு வந்தபோது அவருக்குப் பதினாறு வயது. இப்போது பல்லேகலையில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவருடைய ஒன்பது வயது மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு.

மேசையில் ஒரு பயிற்சிக் கொப்பி இருந்தது. காலை, மதியம், இரவு என்று மகளின் இரத்தச் சீனி அளவையும் போட்ட இன்சுலின் அளவையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். கொப்பிக்குள் ஒரு படிவம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“கிளினிக்கில ஆராய்ச்சிக்கெண்டு தந்தவை, அக்கா. கையெழுத்து வைக்கச் சொல்லினம். எங்களிட்ட எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனவை. ஒருத்தரும் திரும்பி வரேல்லை. இப்ப பிள்ளையின்ர ரத்தமும் வேணுமாம். மாட்டன் எண்டால் மருந்தை நிப்பாட்டிப் போடுவினமோ?”

இது அவருடைய பயம் மட்டுமல்ல. முகாமிலும் மீள்குடியேறிய கிராமத்திலும் நீங்கள் எத்தனையோ கணக்கெடுப்புகளுக்குப் பதில் சொல்லியிருப்பீர்கள். ஆகவே இம்மாதம் இதைப் பற்றிக் கதைப்போம்.

முதலில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுவதால் முதலாம் வகை நீரிழிவு வருகிறது. இனிப்புத் தின்றதால் வருவதல்ல, தாயின் குற்றமுமல்ல. ஓயாத தாகம், அடிக்கடி சலம் போதல், உடல் மெலிதல் என்பன இதன் அறிகுறிகள். இந்தப் பிள்ளை படுக்கையில் சலம் போகத் தொடங்கியபோது “பயந்திட்டாள்” என்று நூல் கட்டினார்களாம். வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். நல்ல வேளை, பிள்ளை தப்பியது. இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின்தான் உயிர். காய்ச்சல் வந்தாலும், சாப்பாடு குறைந்தாலும் நாமாக அதை நிறுத்தக்கூடாது. உடனே வைத்தியரைக் கேட்க வேண்டும். எந்தக் கஷாயமும் அதற்கு ஈடாகாது.

அந்த இன்சுலினும் ஆராய்ச்சியால் வந்ததுதான். 1921இல் கனடாவின் டொரன்டோ நகரில் அதைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரி 11ஆந் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதலாவது ஊசி போடப்பட்டது. அது சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தமாக்கி, சில நாட்களின் பின் மீண்டும் போட்டபோது அவன் தேறினான். சாகக் கிடந்த மகனுக்காக அவனுடைய தந்தை அன்று சம்மதம் கொடுத்தார். அதன் பலனை இன்று நமது பிள்ளைகளும் அனுபவிக்கிறார்கள்.

நம்மைப் போல் போரால் இடம்பெயர்ந்த ஒரு பெண்ணின் கதையும் உண்டு. ஈவா சாக்ஸல் என்ற யூதப் பெண் ஐரோப்பாவிலிருந்து கணவருடன் தப்பி, சீனாவின் ஷாங்காய் நகருக்கு வந்தவர். அங்கே அவருக்கு இந்த நோய் கண்டது. இரண்டாம் உலகப் போரில் அந்நகரில் இன்சுலின் தீர்ந்துபோனது. கணவனும் மனைவியும் ஒரு மருத்துவ நூலைப் படித்து, எருமையின் கணையத்திலிருந்து இன்சுலின் தயாரித்தார்கள். முயல்களில் சோதித்துப் பார்த்தபின் ஈவா அதைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். பின்னர் அந்த மருந்து வேறு நோயாளர்களையும் காப்பாற்றியது.

அகதிகளின் நன்மைக்காகவே செய்யப்பட்ட ஆராய்ச்சியும் இருக்கிறது. கென்யாவில் டகாஹாலே என்றோர் அகதி முகாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத அங்குள்ள வீடுகளில் இன்சுலின் கெடுமா என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் ஆராய்ந்தன. 25 முதல் 37 பாகை வரை மாறும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்தும் மருந்து கெடவில்லை என்ற முடிவு 2021இல் வெளியானது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனாலும் மருந்தை வெயில் படாமல், அடுப்படிக்குத் தூரமாக வையுங்கள். உறைய விடவும் வேண்டாம். உங்கள் பிள்ளையின் மருந்தை எத்தனை நாள் வெளியில் வைக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே ஆராய்ச்சி என்றதும் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கவும் வேண்டியதில்லை. முதலில் கேளுங்கள்:

இது எதற்கான ஆராய்ச்சி? பிள்ளைக்கு நோவோ ஆபத்தோ உண்டா? எத்தனை தடவை வர வேண்டும், பஸ் காசு யார் தருவார்கள்? பிள்ளையின் பெயர் வெளியே வருமா? முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா? நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்கிறதா? (பேராதனை மருத்துவ பீடத்திலும் அப்படியொரு குழு உண்டு.) தமிழில் படிவம் இருக்கிறதா?

இவை எல்லாம் உங்கள் உரிமை. மறுத்தாலோ இடையில் விலகினாலோ பிள்ளையின் சிகிச்சை நிற்கக் கூடாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்கும் வயதென்றால் பிள்ளையையும் கேட்க வேண்டும்.

அடுத்த கிளினிக் நாளன்று அந்தத் தங்கையுடன் நானும் போனேன். சிங்களப் படிவத்துக்குப் பதிலாகத் தமிழ்ப் படிவம் கேட்டு வாங்கினோம். கேள்விகளை அவரே கேட்டார். வைத்தியர் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு மகளிடமும் கேட்டார்கள். “கொப்பியைப் பாக்கலாம். ஆனா கூட ஊசி குத்தக் கூடாது” என்றாள் சின்னவள். தாயும் அப்படியே எழுதி ஒப்பமிட்டார். வழமைபோல அன்றும் மருந்து கிடைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: “இவ்வளவு நாளும் எங்களிட்டக் கேட்டு எழுதினவை, அக்கா. இண்டைக்குத்தான் நான் கேட்டனான்.”

சகோதரிகளே, அந்தக் கொப்பியை விடாமல் எழுதுங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க வைத்தியருக்கு அதுதான் வழிகாட்டி. நடுக்கம், வியர்வை, திடீர்ச் சோர்வு வந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று வகுப்பாசிரியருக்கும் சொல்லி வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

யாராவது படிவம் நீட்டினால், பேனையை வாங்க முன்னர் கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.