நீதியா, நியாயமா?

நம் பேராசிரியர்கள் அறவியல் நூல் செய்வது சுலபமான காரியம். செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று குறள் அதிகாரங்களை அடுக்கி, தெளிவுரை சேர்த்து, துணைவேந்தரின் அணிந்துரையும் வாங்கிவிட்டால் ஆயிற்று. வாதம் கிடையாது.

ரால்ஸின் நீதிக் கோட்பாடு 1971-ல் வந்தது. 2009-ல் அதை மறுத்த அமர்த்தியா சென், விதிகளின் ஒழுங்கு வேறு, மனிதர்களுக்கு வாழ்க்கையில் கிடைப்பது வேறு என்று பிரித்துக் காட்டக் கையிலெடுத்தவை 'நீதி', 'நியாயம்' என்ற இரண்டு சொற்கள். சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தார், சரி. ஆனால் அன்றாடம் இரண்டையும் புழங்குகிறவர்கள் நாம். திருப்புட்குழிப் பக்கம் கோர்வைச் சேலை நெய்தவர், கூலி குறைந்தால் 'இது நியாயமா?' என்றுதான் கேட்பார். நீதி என்பது கோர்ட்டுச் சமாச்சாரம் என்று அவருக்குத் தெரியும். நான் புரட்டிய எந்த அறவியல் நூலுக்கும் இது தெரியவில்லை.

அதே திருப்புட்குழியில்தான், குருபரம்பரைக் கதைப்படி, சாந்தோக்யத்தின் ஒரே ஒரு சொல்லுக்கு யாதவப்பிரகாசர் சொன்ன பொருளை மாணவர் ராமானுஜர் மறுத்தார். குரு கொல்லவே திட்டமிட்டார் என்கிறது கதை. சென் தம் மறுப்பு நூலை ரால்ஸின் நினைவுக்கே சமர்ப்பித்தார். இரண்டிலும் ஒரு சொல்லை முக்கியமாக நினைத்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

வழிகாட்டியின் உரையை மறுத்தெழுதிய தமிழ் ஆய்வேடு எங்காவது இருந்தால் அனுப்பிவையுங்கள். முழுக்கப் படிக்கிறேன்.