மண்ணுக்குள் காத்திருக்கும் வீரர்கள்

அன்புக் குட்டீஸ்,

சீனாவின் ஷான்சி மாகாணத்தில், சியான் நகருக்கு அருகே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1974-ல் விவசாயிகள் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட சுடுமண் போர்வீரர்கள் அங்கே ஆளுயரத்தில் அணிவகுத்து நிற்கிறார்கள். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகச் செய்த சிலைகள் இவை.

அன்று இவற்றுக்கு சிவப்பு, பச்சை, ஊதா என வண்ணம் பூசியிருந்தார்கள். தோண்டி எடுத்ததும் வறண்ட காற்று பட்டு, சில நிமிடங்களிலேயே பூச்சு சுருண்டு உதிர்ந்துவிட்டது!

அதனால் ஆராய்ச்சியாளர்கள் அவசரப்படுவதில்லை. ஏராளமான சிலைகள் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. பேரரசரின் கல்லறையையும் திறக்கவில்லை.

பார்க்கும் ஆசை அவர்களுக்கு இருக்காதா, என்ன? ஆனாலும், நாளை பிறக்கப்போகிறவர்களுக்காகப் பொறுத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் ‘தொடாதீர்கள்’ என்ற பலகையைப் பார்த்தால், இவர்களை நினைத்துக்கொள்வீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்