புதுக் கோழி வந்த வீடு

"கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். ஆகாது என்பதுதான் விடை. ஆனால், அந்தப் பழமொழி தாய்க்கோழிக்குத்தான் பொருந்தும். வேறு கோழியின் காலடியில் அகப்பட்ட குஞ்சு முடமாகும்; செத்தும் போகும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. என் வீட்டுக் கொல்லையில் பட்டுத் தெரிந்து கொண்டேன்.

தோட்டத்து லயமானாலும் சரி, பட்டணத்துத் தாமான் வீடானாலும் சரி, கொல்லையில் நாலு கோழி நின்றால் வீட்டுக்கு ஒரு தெம்பு. பிள்ளைகளுக்கு முட்டை, தீபாவளிக்குக் கறி, முனீஸ்வரர் பூசைக்கு ஒரு சேவல் என்று அது பல வழியில் கை கொடுக்கும். பழைய கோழிகளுக்கு வயதாகி முட்டை குறையும்போது இளங்கோழிகளை வாங்கிச் சேர்க்க வேண்டி வருகிறது. வினையும் அங்கேதான் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் மூன்று மாத விடைக்கோழிகள் ஆறு வாங்கி வந்தேன். பண்ணையில் விளக்குச் சூட்டில் வளர்ந்தவை. தாய்க்கோழியைக் கண்டதில்லை, நாய் குரைத்துக் கேட்டதில்லை. என் நிழல் அசைந்தாலே சிறகடித்துக்கொண்டு சுவரில் மோதின. இருட்டுகிற நேரம். "இன்றைக்கு மட்டும் தனியாகப் போடுங்களேன்" என்றாள் என் மனைவி. "எல்லாம் கோழிதானே, பழகிக்கொள்ளும்" என்று பழைய கூண்டுக்குள்ளேயே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

விடிந்து பார்த்தால், ஒன்று தலைத்தோல் உரிந்து செத்துக் கிடந்தது. கதவைத் திறந்ததும் இரண்டு வேலி தாண்டிப் பறந்தன. ஒன்று செம்பனைக் காட்டுக்குள் போய் மரநாய்க்கு இரையாயிற்று. இன்னொன்று பக்கத்து வீட்டு அக்காவின் கூண்டில் நுழைந்துகொண்டது. அக்கா அதைப் பிடித்து, "வாத்தியார் தம்பி, உங்க வீட்டு விருந்தாளி எங்க வீட்டுக்கு வந்திருச்சு" என்று சிரித்தபடி கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் சென்றது. என் புதுக் கோழிகள் தூங்கி வழிந்தன. பச்சையாகக் கழிந்தன. பிறகு பழைய கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சிலவற்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது. கால்நடை அதிகாரி பார்த்துவிட்டு, மலாய்க்காரர்கள் சம்பார் ஆயாம் என்று சொல்லும் கொள்ளை நோய்தான் என்றார். என்னுடைய பழைய கோழிகள் ஏழில் ஐந்து போயின. அக்காவின் பதினொன்றில் இரண்டுதான் மிஞ்சின. அந்த முட்டைக் காசில்தான் அவர் பேத்தியின் பள்ளி வேனுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் ஒரு மாதம் அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டினேன்.

அன்பர்களே, அதற்குப் பிறகு நான் கேட்டும் பார்த்தும் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, நோய். இந்தக் கொள்ளை நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டது. அதனால் நியூகாசில் நோய் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் இதையே ராணிக்கெட் என்றும் வெள்ளைக் கழிச்சல் என்றும் சொல்வார்கள். நோய்க் கிருமி உடலில் புகுந்த பிறகு அறிகுறி தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். ஆகவே, வாங்கும்போது துடிப்பாக இருந்தது என்பது எதற்கும் சாட்சியாகாது.

இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. நம் ஈப்போவில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையமே கோழிகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. கம்பத்துக் கோழியை ஓடிப் பிடித்து மருந்து போடுவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் 1980களில், வெப்பம் தாங்கக்கூடிய வீ-4 என்னும் மருந்தைத் தீவனத்தோடு கலந்து கொடுக்கும் முறையை நம் நாட்டு விவசாயப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்தது. இன்று புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றிருப்பது அதுதான். கொல்லைக் கோழிக்காகவும் படித்தவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். நாம்தான் கேட்காமல் இருந்துவிடுகிறோம். உங்கள் மாவட்டத்துக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

புதுக் கோழிகளை மூன்று நான்கு வாரம் தனியாக வையுங்கள். பழைய கூண்டிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நல்லது. தண்ணீர்ச் சட்டியும் தீவனத் தட்டும் வேறாக இருக்கட்டும். காலையில் பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் போங்கள். திரும்பும்போது கையையும் சிலிப்பரையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தடுப்பு மருந்தையும் இந்த நாள்களிலேயே போட்டுவிட்டால், கூட்டத்தில் சேரும்போது அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். நோயில் செத்த கோழியைக் கால்வாயில் வீசாதீர்கள். ஆழக் குழி தோண்டிப் புதைத்து, அலுவலகத்துக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது, பயம். தனியாக இருக்கும் இந்த நாள்களில்தான் மிரட்சியைப் போக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், "பா... பா..." என்று ஒரே குரலில் கூப்பிட்டுக் குருணை போடுங்கள். நின்றுகொண்டு போடாமல் உட்கார்ந்து போடுங்கள். கோழிக்குத் தலைக்கு மேலிருந்து வருவதெல்லாம் பருந்துதான். துரத்திப் பிடிக்காதீர்கள். ஒருமுறை துரத்தினால் ஒரு வாரப் பழக்கம் வீணாகும். சிறு பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக் கையை அசைக்காமல் தீனி கொடுக்கப் பழக்கலாம். என் மகன் பொறுமை கற்றதும் அப்படித்தான்.

மூன்றாவது, கோழிகளின் வரிசை. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டரப் எப்பே என்பவர் சிறு வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்து வந்தார். எது எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று கூட்டத்துக்குள் ஒரு வரிசை இருப்பதை 1922இல் எழுதி வெளியிட்டார். புதிதாக ஒன்று வந்தால் அந்த வரிசை குலைகிறது. அதைத் திரும்ப அமைக்கத்தான் கொத்துகிறார்கள். கோழிக்கு வஞ்சம் கிடையாது. கூட்டத்தைவிட்டு இரண்டு மூன்று வாரம் பிரிந்திருந்த பழைய கோழிகூடத் திரும்பி வந்தால் புதியதாகத்தான் நடத்தப்படும்.

ஆகவே, தனிமைக் காலம் முடிந்ததும் நேரே உள்ளே விடாதீர்கள். பழைய கூண்டுக்குப் பக்கத்தில் கம்பி வலையால் தடுத்து ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். பார்க்கட்டும், கொத்த முடியாமல் இருக்கட்டும். வலையின் இரு பக்கமும் அருகருகே தீனி வையுங்கள். முறைத்து நிற்பதை விட்டுவிட்டு இரு தரப்பும் பேசாமல் மேயும் நாள் வரும். அதுவரை பொறுங்கள்.

சேர்க்கும் நாளில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். கூண்டுக்குள் சேர்க்காமல், பழைய கோழிகள் வெளியே மேயும் நேரத்தில் திறந்த வெளியில் சேருங்கள்; ஓடுவதற்கு இடம் வேண்டும். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து வாய் வெட்டி வையுங்கள். துரத்தப்பட்ட குஞ்சு ஒளிந்துகொள்ளும். ஒற்றைக் கோழியைச் சேர்க்கவே கூடாது. குறைந்தது மூன்றாவது இருந்தால் அடி பங்காகிப் போகும். பழைய கோழியில் பாதி அளவுகூட இல்லாத குஞ்சையும் சேர்க்க வேண்டாம்.

முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போகலாம். கொத்துவதும் துரத்துவதும் இருக்கும், பதறாதீர்கள். இரத்தம் கண்டால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்ட கோழிகள் அதே இடத்தில் மேலும் மேலும் கொத்தும். புண் ஆறும்வரை அதைத் தனியே வையுங்கள். ஒரே கோழிதான் எல்லோரையும் அடிக்கிறது என்றால், அந்த அடாவடிக்காரியைப் பிடித்து நாலு நாள் தனியே போடுங்கள். திரும்பி வரும்போது அவளே புதியவள், அதிகாரம் குறைந்திருக்கும்.

தீவனத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முட்டையிடத் தொடங்காத இளங்கோழி அதைத் தின்றால் சிறுநீரகம் கெடும். சேர்ந்திருக்கும் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனமே போட்டு, முட்டையிடுபவற்றுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள். தேவையானது தானே போய்த் தின்னும். பட்டணத்து வாசகர்கள், கோழி வளர்க்க உங்கள் நகராண்மைக் கழகம் அனுமதிக்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்த்தால் ஐந்து ஆறு வாரம் ஆகிறது. ஓர் இரவில் முடிக்க நினைத்த வேலைக்கு இவ்வளவு நாளா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால், அந்த ஓர் இரவுக்கு நான் கொடுத்த விலையை மேலே எழுதியிருக்கிறேன்.

மறு ஆண்டு என் கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் வளர்ந்தபோது, நாலு விடைக்கோழிகளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மருந்து போட்டவை என்று சொன்னேன். அவர் கூடையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, தன் கோழிக் கூண்டைக் கடந்து, வீட்டின் மறு பக்கத்துக்கு நடந்தார். அங்கே காலியான ஒரு கூண்டு கழுவித் தயாராக இருந்தது.

"தம்பி கொண்டாந்ததுன்னாலும் மூணு வாரம் ஆகட்டும்" என்றார்.