வாலில் சிவப்பு பல்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கோபத்தில் எழுதுவது. கோபம் ஆறட்டும் என்று பத்து நாள் காத்திருந்தேன். ஆறவில்லை.

போன மாதம் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சி. (பெயர் வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் இதே கதைதான்.) என் சித்தி மகன் அங்கே எட்டாம் வகுப்பு. "அண்ணே, பறக்குற மாதிரி ஒரு போர் விமானம் செய்யணும்"னு வண்ணார்பேட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். நானும் செமஸ்டர் லீவில் சும்மாதான் இருந்தேன். மூன்று வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்தோம். முதல் பரிசு வேறொரு பையனுக்குப் போனது. அதற்காகக் கோபமில்லை. (நம்புங்கள்!) நடுவர் கேட்ட மூன்று கேள்விகள்தான் என்னை எழுத வைத்திருக்கின்றன.

முதல் கேள்வி: "ஏம்ப்பா, வாலில லைட் ஒண்ணும் வைக்கலையா?"

பரிசு வாங்கிய மாடலில் லைட் இருந்தது. தெர்மாகோலில் ஒரு அடி நீளத் தேஜஸ், வாலில் சிவப்பு எல்.இ.டி., எதிரில் பஞ்சில் சிவப்பு இங்க் தோய்த்து எரிந்துகொண்டிருக்கும் எதிரி விமானங்கள் நாலு. சார்ட் பேப்பரில் நீல வானம். தேஜஸுக்கு வாலில் பல்பு வைத்தது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். அதன் எஃப்-404 எஞ்சினில் ஆஃப்டர்பர்னர் உண்டு. அதாவது எஞ்சினைத் தாண்டி வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளைப் பீய்ச்சி எரிய விடுவது. அப்போது பின்னால் தீ தெரியும்.

நாங்கள் செய்தது நாட். 1971ல் பறந்த குட்டி விமானம். அதன் ஆர்ஃபியஸ் எஞ்சினில் ஆஃப்டர்பர்னரே கிடையாது. இன்னும் சொல்லப்போனால் அதே குடும்பத்து எஞ்சினைப் பொருத்திய நம் மாருத் விமானத்துக்கும் கிடையாது. ஜெர்மானியரான குர்ட் டாங்க் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தை மனதில் வைத்து வரைந்த விமானம் அது. 1961 ஜூன் 17ல் முதலில் பறந்தது. ஏற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்காமல் ஒலியின் வேகத்தைத் தொடவே திணறியது. வாலில் தீ இல்லாததுதான் மாருத்தின் மொத்தச் சோகக் கதையும்! அதன் வாலில் ஒருவன் சிவப்பு பல்பை ஒட்டினால், அந்தக் கதையையே துடைத்து எறிகிறான் என்று அர்த்தம். நாட்டை எதிர்த்து வந்த சேபர்களுக்கும் ஆஃப்டர்பர்னர் இல்லை. நாங்கள் காட்டிய சண்டையில் இரண்டு பக்கமும் ஒரு விமானத்தின் வாலிலும் தீ கிடையாது.

இரண்டாவது கேள்வி: "எதிரி விமானம் எங்கே?"

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நிஜத் தேஜஸின் நீளம் 13.2 மீட்டர். அதை ஒரு அடியாக்கினால் அளவு ஏறத்தாழ 1:44. பரிசு மாடலில் தேஜஸுக்கும் எரியும் எதிரிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. நிஜத்தில் அது பத்து மீட்டர்கூட வராது. நம் டவுன் பஸ் ஒன்றின் நீளத்துக்கும் குறைவு. அந்த இடைவெளியில் ஒருவன் எதிரியைச் சுட்டால் சிதறுகிற இரும்பு அவன் மூஞ்சியிலேயே வந்து அடிக்கும். அது விமானச் சண்டையில்லை, வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பஸ் உரசிக்கொள்வது.

எங்கள் மாடல் 1:72. பலகை இரண்டு அடி, அதாவது 44 மீட்டர். முன்னூறு மீட்டரில் பறக்கும் ஒரு சேபரைச் சரியான இடத்தில் வைக்க வேண்டுமென்றால் நாலு மீட்டர் தள்ளி வைக்கவேண்டும். அடுத்த பெஞ்சுக்காரனின் சோலார் குக்கருக்கு மேலேதான் தொங்கவிட வேண்டியிருக்கும். ஆகவே பலகையில் எதிரி கிடையாது. ஓடுபாதையில் ஒரு துண்டு, குண்டு விழுந்து எழும்பும் புழுதி, அதைக் கிழித்துக்கொண்டு கிளம்பும் ஒற்றை நாட். அவ்வளவுதான். பறக்கும் விமானத்தை மாடலாகச் செய்கிறவன் காட்ட முடிவது ஒரே ஒரு நொடி. அந்த நொடிக்குள் முழுப்போரையும் திணிக்கப் பார்த்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

எங்கள் நொடி எது என்று சொல்லவில்லையே. 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு சேபர்கள் வந்து விமானதளத்தின் மேல் குண்டு போடுகின்றன. 18வது ஸ்குவாட்ரனின் நாட் விமானங்கள் அங்கே தயார் நிலையில். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே ஓடுபாதையில் ஓடி மேலே கிளம்பியவர் ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன். சண்டையிட்டு, சுடப்பட்டு, விழுந்து இறந்தார். பரம்வீர் சக்ரா. விமானப்படையில் அந்த விருது பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அந்த 18வது ஸ்குவாட்ரன்தான் 2020 மே மாதம் நம் சூலூரில் தேஜஸோடு மறுபடி உயிர்பெற்றது. பரிசு வாங்கிய பையனின் தேஜஸுக்கும் எங்கள் நாட்டுக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

செய்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் நாட் என்று கேட்டால் வருவது பெரும்பாலும் இங்கிலாந்தின் சிவப்பு வண்ண சாகசக் குழு ஓட்டிய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். அது நீளமும் அதிகம், இறக்கையும் பெரிது. அதை வாங்கி நம் பெயிண்டை அடித்து "சேகோனின் விமானம்" என்று வைப்பது அம்பாசிடரைக் காட்டி மாருதி 800 என்பது போல. ஆகவே வீட்டிலேயே செய்தோம். ஒரு கடைசல் பட்டறையில் மரத்துண்டைக் கடைந்து வாங்கினோம். அம்பாசமுத்திரத்தில் மரச் செப்பு கடைகிற ஊர்க்காரர்கள் நாம், இதற்கா பஞ்சம்! மொத்த நீளம் 12 சென்டிமீட்டர், இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 9.3. மிச்சமெல்லாம் பிளேடும் உப்புத்தாளும். இறக்கை, பழைய பிளாஸ்டிக் ஸ்கேல். விமானியின் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடி, மாத்திரை அட்டையின் குமிழ். (பாட்டியின் கால்சியம் மாத்திரை. இரண்டு நாள் மாத்திரை டப்பாவில் கிடந்தது, திட்டு வாங்கினோம்.) உள்ளே எம்-சீலில் உருட்டிய ஒரு தலையும் தோளும்.

அந்தத் தலைதான் என்னைப் பொறுத்தவரை மாடலின் உயிர். எத்தனை "பறக்கும்" மாடல்கள் பார்த்திருக்கிறேன், உள்ளே ஆளே இருக்காது! சக்கரமும் கீழே தொங்கும். மேஜையில் நிற்கும் விமானத்தைத் தூக்கிக் கம்பியில் செருகிவிட்டால் பறப்பதாக ஆகிவிடுமா? சேகோனின் விமானம் தரையிலிருந்து பத்து மீட்டர் எழும்பியிருக்கும் என்று வைத்து 14 சென்டிமீட்டரில் ஒரு அக்ரிலிக் கம்பி நட்டோம். எழும்பி ஓரிரு நொடி என்பதால் சக்கரம் பாதி மடங்கியிருக்கும். அதைச் செய்யத்தான் ஒரு வாரம் போனது. புழுதிக்கு நாங்களும் பஞ்சுதான் வைத்தோம், செம்மண்ணும் கரித்தூளும் தேய்த்து. பஞ்சு எனக்கு எதிரி கிடையாது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "சேகோன் எத்தனை விமானத்தை வீழ்த்தினார்?"

பையன் படித்ததைச் சொன்னான். "ஒண்ணைக் குண்டடி பட வச்சார், இன்னொண்ணு தீப்பிடிச்சுதுன்னு நம்ம விருதுக் குறிப்புல இருக்கு சார். பாகிஸ்தான்காரங்க எங்க விமானம் எதுவும் விழலைன்னு சொல்றாங்க." நடுவர் முகம் மாறிவிட்டது. "நீ எந்த நாட்டுக்காரன்லே?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

பதிமூன்று வயசுப் பையன். காது சிவந்துபோய் நின்றான். நான் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கமும் சேர்ந்துதான் இந்த எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் சொன்னதில் எது பிழை? நம் அரசு விருது கொடுக்கும்போது எழுதிய குறிப்பில் உள்ளதைத்தான் சொன்னான். எதிர்த்தரப்பு மறுப்பதையும் சொன்னான். சேகோனுக்கு விருது கிடைத்தது எண்ணிக்கைக்காக இல்லை. குண்டு விழும் ஓடுபாதையில், ஆறு பேர் மேலே சுற்றும்போது, கிளம்பிப் போனதற்காக. இரண்டு சேபர் விழுந்தாலும் ஒன்றுமே விழாவிட்டாலும் அந்தக் கிளம்பல் அப்படியேதான் இருக்கும். எரியும் சேபர் இல்லாவிட்டால் அவர் வீரர் இல்லை என்று நினைக்கிறவர்தான் உண்மையில் அவரைச் சிறுமைப்படுத்துகிறார். இன்னொன்று: தேஜஸ் இதுவரை எந்தப் போரிலும் எதிரி விமானத்தை வீழ்த்தியதாக அறிவிப்பு கிடையாது. நடக்காத சண்டையில் நாலு விமானத்தை எரித்தவனுக்கு முதல் பரிசு, நடந்த சண்டையைச் சொன்னவன் எந்த நாட்டுக்காரன் என்று தெரியவில்லை!

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "சின்னப் பையனுக்கு எதுக்குப் போர் பொம்மை? ராக்கெட் செய்யலாம், மகேந்திரகிரி பக்கத்திலதானே இருக்கு" என்கிறார்கள். என் மாமாவே சொன்னார். அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஏர்ஃபிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் மாடல் பெட்டிகளுக்கு 1964 முதல் படம் வரைந்தவர் ராய் கிராஸ். குண்டும் புகையும் தீயுமாக வரைந்தார். பின்னாளில் காலம் மாறியது என்று அதே படங்களில் இருந்த தீயையும் வெடியையும் மட்டும் அழித்துவிட்டு அச்சடித்தார்கள். போர் விமானம் அழகாக வானத்தில் மிதந்தது, உல்லாசப் பயணம் போவது போல! நடுவர் தீ கேட்கிறார், மாமா தீயே வேண்டாம் என்கிறார். இரண்டு பேருக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் கண்ணில் படவில்லை. எங்கள் பலகையைக் கிட்டத்தில் வந்து பார்த்தால் போர் மேல் ஆசை வராது. புழுதி எவ்வளவு உயரம், விமானம் எவ்வளவு சின்னது என்பதுதான் தெரியும். கண்காட்சியில் ஒரே ஒரு ஆள், சாக்குப் பையோடு வந்த ஒரு தாத்தா, குனிந்து பார்த்துவிட்டு "உள்ள ஒருத்தன் இருக்கானே... தப்பிச்சானா?" என்று கேட்டார். பையன் "இல்ல தாத்தா" என்றான்.

மாடல் இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. பையன் இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பேப்பரோடு வந்தான். நாட் விமானத்தில் வேகத்தைக் குறைக்கத் தனியாக பிரேக் பலகை கிடையாது, பறக்கும்போதே சக்கரத்தையும் அதன் கதவுகளையும் கொஞ்சமாக இறக்கிக் காற்றைத் தடுப்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறான். (உண்மைதான், நானும் சரிபார்த்தேன்.) அடுத்த வருடம் அதைத்தான் செய்யப்போகிறானாம், நடுவானத்தில் கதவு அரைகுறையாகத் திறந்த நாட்.

"சக்கரத்தை மடக்க மறந்துட்டியான்னு கேப்பாங்கலே" என்றேன்.

"கேக்கட்டும்ணே" என்றான். கடைசல் பட்டறை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று விசாரிக்கவேண்டும்.