நிலாவை ஆர் எடுத்தது?

போயா இரவில் வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களைத் தட்டிக்கொண்டு போனால் இரண்டு வகை நிலாக்கள்தான் வரும். ஒன்று, தெருவிளக்கு மாதிரி வெறும் வெள்ளைப் பொட்டு. மற்றது, விண்வெளிக்குப் போய் எடுத்தது மாதிரி, குழிகளும் கீறல்களும் தெரியிற வடிவான வட்டம். முதலாவதைப் போட்டவர் "போன் சரியில்லை" எண்டு கீழே எழுதியிருப்பார். இரண்டாவதைப் போட்டவர் தன்ர போனின் பெயரை எழுதியிருப்பார்.

நாங்கள் வெள்ளைப் பொட்டின் பக்கம். அதை எடுத்தவருக்குத்தான் நிலாவைப் படமெடுக்கப் பழகிற வாய்ப்பு இன்னும் இருக்கு. மற்றவருக்காகப் போன் ஏற்கனவே பழகி முடிச்சிட்டுது.

இதைப் பொறாமையில் சொல்லவில்லை. 2023 மார்ச்சில் ரெடிட் தளத்தில் ஒருவர் ஒரு சோதனையைப் பகிர்ந்தார். நிலாவின் படமொன்றைச் சிறிதாக்கி, குழி ஒன்றும் தெரியாத அளவுக்கு மங்கலாக்கினார். அதைக் கணினித் திரையில் போட்டு, அறையின் விளக்கை அணைத்துவிட்டு, தூர நின்று சம்சுங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத விவரங்கள் போனின் படத்தில் இருந்தன. பிறகு அந்த நிறுவனமே விளக்கம் வெளியிட்டது. நிலாவை அடையாளம் காணப் பழக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு விவரங்களைக் கூட்டுகிறது, வேண்டாமென்றால் 'சீன் ஒப்டிமைசர்' என்ற செட்டிங்கை நிறுத்தலாம் என்றது.

நிலா இதற்குத் தோதான பொருள். அது பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் எடுத்தாலும் டோக்கியோவில் எடுத்தாலும் அதே முகம், கொஞ்சம் சரிந்திருக்கும், அவ்வளவுதான். ஒருக்கா பாடமாக்கினால் போதும். போனுக்கும் வேறு வழி குறைவு. வானத்தில் நிலாவின் அகலம் அரைப் பாகைதான். கையை நீட்டிச் சின்னவிரலைப் பிடித்தால் விரலின் பாதி அகலத்துக்குள் நிலா மறைந்துவிடும். போனின் சாதாரண லென்ஸில் அது சில பத்துப் புள்ளிகள் அகலத்துக்கு மட்டுமே விழும். அதுக்குள்ள குழியைத் தேடினால் எங்கிருந்து வரும்?

சரி, வெள்ளைப் பொட்டு ஏன் வருது? நாங்கள் பண்ணையடியில் பல இரவுகள் நின்று பிழைவிட்டுத்தான் இதை விளங்கிக்கொண்டோம். "இரவு, அப்ப வெளிச்சம் காணாது" எண்டு நினைத்து ஷட்டரைக் கனநேரம் திறந்து வைத்தோம். முக்காலியில் ஆடாமல் வைத்தும் நிலா முட்டை மாதிரி நீண்டு வந்தது. பூமி சுற்றுவதால் ஏறக்குறைய இரண்டு நிமிசத்தில் நிலா தன்ர அகலத்துக்கு நகர்ந்துவிடும் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

விசயம் இதுதான். எங்களுக்கு இரவாக இருந்தாலும், எங்களுக்குத் தெரியிற நிலாவின் பக்கத்தில் அப்போது பகல். உச்சி வெயிலில் கிடக்கிற கருங்கல்லைத்தான் படமெடுக்கிறோம். ஓட்டோவில் விட்ட கமரா, படச்சட்டத்தில் பெரும்பகுதி கறுப்பு வானமாக இருப்பதைப் பார்த்து, "இருட்டு" எண்டு முடிவுகட்டி வெளிச்சத்தைக் கூட்டுது. நிலா வெந்து வெள்ளையாகிறது.

முழுநிலாவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அப்பேச்சர் எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 செக்கன். போனின் லென்ஸ் எஃப் 1.8 அளவில் அகலமாகத் திறந்தே இருப்பதால் புரோ மோட்டில் 1/4000 வரை போகவேண்டி வரும். புரோ மோட் இல்லாத போனில் நிலாவை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு திரையில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுங்கள். போனைச் சுவரிலோ மதிலிலோ சாய்த்து, 2 செக்கன் டைமர் போட்டால் கை நடுக்கம் படாது. பைனொகியுலர் ஒன்று இரவல் கிடைத்தால் அதன் கண்வில்லையில் போனின் லென்ஸை ஒட்டிப்பாருங்கள். லட்சக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. இருட்டுத் தேடி ஊரைவிட்டு வெளியே போகவும் தேவையில்லை.

இந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பது சின்ன விசயமல்ல. 1941 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊருக்கு மேல் நிலா எழும்பியிருப்பதைக் கண்டு அன்சல் அடம்ஸ் காரை நிறுத்தினார். ஒளிமானியைத் தேடினார், அகப்படவில்லை. நிலாவின் வெளிச்ச அளவு அவருக்கு நினைவில் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதை எடுக்க முதல் ஊரின் மேல் விழுந்த வெயில் போய்விட்டது. அந்த ஒற்றைப் படம் இன்றைக்கும் உலகம் அறிந்த படம்.

இன்னொன்றும் சொல்லவேணும். போயா, படமெடுக்க நல்ல நாளே இல்லை. அன்றைக்கு வெயில் நிலாவின் மேல் நேராக விழுவதால் நிழல் இல்லை, எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அட்டமியைச் சுற்றிய நாட்களில் பாருங்கள். இருளும் வெளிச்சமும் சந்திக்கிற கோட்டில் குழிகளின் நிழல் நீண்டு கிடக்கும். பொழுதுபடும்போதே நிலா உச்சிக்குக் கிட்ட நிற்கும், நித்திரை முழிக்கவும் தேவையில்லை. 1966 இலிருந்து 1971 வரை இலங்கையில் ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களே வாராந்த லீவாக இருந்தன, அரைநிலா நாளும் சேர்த்து. அந்த லீவு இப்ப இருந்தால் எங்களுக்கு எவ்வளவு வசதி!

"எல்லாப் போன் படமும் ஏதோ ஒரு வகையில் திருத்தினதுதானே, நிலாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கதை?" எண்டு எங்கட குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் லென்ஸுக்குள் வந்த வெளிச்சத்தைத் துடைத்துத் தெளிவாக்குவது வேறு, வராத ஒன்றை வேறெங்கோ பார்த்துக் கீறிவைப்பது வேறு. கோடு சில இடங்களில் மங்கலாக இருக்கலாம். அதுக்காகக் கோடே இல்லை எண்டு சொல்ல ஏலாது.

எங்களுக்கு இது நிலாவோடு முடிகிற விசயமும் அல்ல. பழைய படத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்கிற அப்கள் இப்போது எல்லாற்ற போனிலும் இருக்கு. மங்கலான முகத்தில் இல்லாத கண்ணிமையை, இல்லாத பல்லை, எங்கோ பழகின முகங்களிலிருந்து எடுத்து ஒட்டுவதும் இதே வேலைதான். 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கிய அம்மாமாரின் கைகளில் இருந்தவை படங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை இருந்தது என்பதற்கு அந்தப் படமும் ஒரு சாட்சி. அந்த முகம் மங்கலாக இருக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளையின் முகமாகவே இருக்கவேணும். வடிவாக்குகிறோம் எண்டு வேறொரு பிள்ளையைச் செய்துவிடக் கூடாது. எது வந்தது, எது கூட்டினது எண்டு பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண் எங்களுக்கு அவசியம். அந்தக் கண்ணை நிலாவில் பழகுவது லேசு. பிழைத்தால் ஒருத்தருக்கும் நட்டமில்லை, நாளைக்கும் அது வரும்.

ஆகவே அடுத்த அட்டமிக்கு அந்தச் செட்டிங்கை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். வருகிற நிலா சின்னதாக இருக்கும், ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கும், இரண்டு மூன்று குழிகள் தெரிந்தால் பெரிய விசயம். அதை ஸ்டேட்டஸில் போடுங்கள். கீழே போனின் பெயரை எழுதவேண்டாம். "நான் எடுத்தது" எண்டு எழுதுங்கள்.