ஏபெக் நம்பரும் நம்ம ஊர் அப்பாக்களும்

இங்கே மெல்பர்னில் நம்மவர்கள் கூடுற இடத்தில் இப்போ ரெண்டு பெருமைதான். ஒண்ணு, வாங்கின வீடு. ரெண்டாவது, பையனுக்கு வாங்கின ட்ரிக் ஸ்கூட்டர் பெட்டியில் "ஏபெக் 9" என்று போட்டிருப்பது. வீடு உங்க பாடு, பேங்க் பாடு. ஸ்கூட்டர் பத்தி நாலு வார்த்தை சொல்லியே ஆகணும்.

ஏபெக் என்பது பேரிங்கை எவ்வளவு துல்லியமான அளவில் செஞ்சிருக்காங்க என்பதற்கான தரம். 1, 3, 5, 7, 9 என்று போகும். அவ்வளவுதான். பையன் குதிச்சு இறங்கும்போது பக்கவாட்டில் விழும் அடியைத் தாங்குமா, உள்ளே இருக்கும் கிரீஸ் நல்லதா என்றெல்லாம் அந்த நம்பர் சொல்லாது.

பார்க்க வேண்டியது வேற. சக்கரத்தின் நடுப்பகுதி அலுமினியமா, பிளாஸ்டிக்கா? குதிக்கிற பையனுக்கு அலுமினியம்தான். 110 மி.மீ. சக்கரம் போதும். 120 வேணும்னா ஃபோர்க்கிலும் டெக்கிலும் இடம் இருக்கான்னு அளந்து பாருங்க. 24 மி.மீ. அகலத்துக்குச் செஞ்ச ஃபோர்க்கில் 30 மி.மீ. சக்கரம் போகாது. ஹேண்டில்பாரின் வெளிவிட்டம் 31.8-ஆ, 34.9-ஆ என்று பார்த்துத்தான் கிளாம்ப் வாங்கணும். மடக்குற ஸ்கூட்டரை ராம்ப் பக்கமே விடாதீங்க, மடக்குற மூட்டுதான் அதோட பலவீனம்.

இதைச் சொன்னா உடனே பதில் வருது: "அதெல்லாம் மெக்கானிக் வேலைங்க, கடைக்காரன் பாத்துப்பான், பையன் படிக்கட்டும்."

இங்கேதான் எனக்குக் கோபம் வருது. நான் கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்தில் ஃபிட்டர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். வட ஆற்காட்டிலிருந்து போன நம்ம ஜனங்க கேஜில் இறங்கினது இரும்புக் கயிறையும் சக்கரத்தையும் நம்பி. அதில் எந்தக் கம்பெனி பேர் போட்டிருக்குன்னு பார்த்தா இறங்கினாங்க? அதைப் பார்த்துப் பார்த்துச் சரி செஞ்ச கைகளை நம்பி இறங்கினாங்க. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினாங்க. அந்தக் கைவேலையில் படிச்சு விமானம் ஏறின நாம, இன்னிக்கு ஸ்பானரைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

சுரங்க லைன் வீட்டுப் பசங்க பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, பலகையில் மாட்டி வண்டி ஓட்டினோம். எது சுத்துது, எது இறுகுதுன்னு விரலுக்குத் தெரியும். உங்க பையனுக்கு அது தெரியாட்டி, அவன் தலை இன்னொருத்தன் முடுக்கின போல்ட்டில் இருக்கு.

ஒரு வேலை கொடுங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கித் தரையில் தட்டச் சொல்லுங்க. கடகடன்னு சத்தம் வந்தா ஹெட்செட் தளர்ந்திருக்கு. கிளாம்ப்பைத் தளர்த்தி, உள்போல்ட்டை முடுக்கி, திரும்ப கிளாம்ப்பை இறுக்கணும். பத்து வயசுப் பையன் செய்யலாம். பேரிங் தேஞ்சா 608 அளவில் புதுசு வாங்கிப் போடட்டும், ஸ்கேட்போர்டில் இருக்கிற அதே அளவுதான். அதுக்காகப் புது ஸ்கூட்டர் வேண்டாம்.

அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு ஆலன் கீ செட்டும் நல்ல ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுங்க. பெண் குழந்தை இருந்தா அவளுக்கும்தான்.

டிஸ்கி: கணக்கு ட்யூஷனை நிறுத்தச் சொல்லலைங்க. மில்லிமீட்டரும் கணக்குதான் :-)