இருமல் சிரப் யாருக்கு... குழந்தைக்கா, நம்ம தூக்கத்துக்கா?

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்'னு ஊர்ல ஒரு பழமொழி உண்டு. மச்சைத் துளைக்குதோ இல்லையோ, எல்.கே.ஜி பசங்களோட மூக்கை மட்டும் தவறாமல் பிடிச்சுக்குது. விடியற்காலையில் போர்வையை விட்டு வெளியே வர முடியாத குளிர். மதியம் ஃபேன் போட வைக்கும் வெயில். ராத்திரி படுத்ததும் 'லொக்கு லொக்கு'.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், உங்கள் ஃப்ரிட்ஜ் மேல் இப்போது ஒரு சிரப் பாட்டில் கண்டிப்பாக இருக்கும். போன தடவை வாங்கியதில் பாதி மிச்சம், மூடியில் ஒட்டிய பிசுபிசுப்பு, லேபிள் பாதி அழிந்திருக்கும். 'ரெண்டு மில்லி ஊத்து, தூங்கிடுவான்' என்பதுதான் பல வீடுகளில் முதலுதவி.

அந்த 'தூங்கிடுவான்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கவேண்டிய நேரம் இது.

சளிக்குப் போன குழந்தைகள்

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டவர்கள். வந்தது சாதாரண சளி, காய்ச்சல்தான். குடித்தது 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்து. சில நாள்களில் சிறுநீர் வருவது நின்று, கிட்னி செயலிழந்தது.

அந்த மருந்து தயாரானது நம்ம ஊரில். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா ஆலையில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6% இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1%. பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி விஷம்!

தமிழகத்தில் விற்பனைக்குத் தடை, உரிமையாளர் கைது, உரிமம் ரத்து என எல்லாம் வேகமாக நடந்தன. ஆனால் ஆலையில் 300-க்கும் மேற்பட்ட குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டதும் அப்போதுதான். அவ்வளவு குறைபாடுகளும் ஒரே ராத்திரியில் முளைத்திருக்காது இல்லையா? அதுவரை யார் போய்ப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

பழைய விஷம், புது பாட்டில்

சிரப்பில் மருந்தைக் கரைக்க ப்ரொப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவங்களைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை அதிகம். தொழிற்சாலைத் தரத்தில் வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் டைஎத்திலீன் கிளைக்கால் கூடவே வந்துவிடும். பிரேக் ஆயில் போன்றவற்றில் பயன்படும் ரசாயனம் அது. நிறம் கிடையாது, லேசாக இனிக்கும். பாட்டிலைப் பார்த்தோ, நக்கிப் பார்த்தோ எந்த அம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது.

இது புதுக் கதையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே ரசாயனம் கலந்த மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வருஷமே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. இங்கே 1972-ல் சென்னையில் 15 குழந்தைகள், 1986-ல் மும்பையில் 14 பேர், 2019-20 குளிர்காலத்தில் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோதும், விரல் நீண்டது இந்தியத் தயாரிப்பு சிரப்களை நோக்கித்தான்.

ஒவ்வொரு தடவையும் அதிர்ச்சி, கைது, தடை. அப்புறம் அடுத்த குளிர்காலம்.

நல்ல சிரப்பா இருந்தா ஓகேவா?

இங்கேதான் இன்னொரு விஷயம் இருக்கு. கலப்படமே இல்லாத சிரப்பும் சின்னக் குழந்தையின் சளிக்குப் பெரிதாக உதவுவதில்லை.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. தானாகவே போகும். மூக்கு ஒழுகுவது ஒரு வாரம், பத்து நாள். இருமல் மட்டும் ரெண்டு, மூணு வாரம்கூட இழுக்கும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ப்ளே ஸ்கூல் போக ஆரம்பித்த குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பதும் சகஜம்தான். 'எப்பப் பாரு சளி, எதிர்ப்பு சக்தியே இல்ல' என்று பயப்பட வேண்டாம்.

கோல்ட்ரிஃப் விவகாரம் வெடித்தபோது, 2025 அக்டோபர் 3-ம் தேதி மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது. 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதற்கும் முன்னால், 2023 டிசம்பரிலேயே, குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சிரப்களில் '4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது' என்று அச்சிடச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்த குளோர்பெனிரமினுக்குத் தூக்கத்தை வரவழைக்கும் குணம் உண்டு. குழந்தை தூங்குவது சளி குறைந்ததால் இல்லை, மருந்தின் மயக்கத்தால். பல சளி சிரப்களில் பாரசிட்டமாலும் இருக்கும். அது தெரியாமல் காய்ச்சல் சிரப்பையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரே மருந்து டபுள் டோஸ்.

அப்புறம் ஏன் ஊத்துறோம்?

ஏனென்றால், காலையில் எழுந்து வேலைக்குப் போகணும்.

அம்மாவுக்கு 9 மணி ஷிஃப்ட். அப்பாவுக்கு ரிவ்யூ மீட்டிங். பாட்டி ஊரில். மூக்கு ஒழுகினால் 'அனுப்பாதீங்க' என்று ஸ்கூலில் சொல்கிறார்கள், அது நியாயமும்கூட. அதே ஸ்கூலில் லீவ் போட்டால் 'அட்டெண்டன்ஸ் குறையுது' என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வீட்டுக்கு, காலை 8 மணிக்குள் மூக்கை நிறுத்தும் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. அது பாட்டிலில் கிடைக்கிறது.

மத்திய அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கும், துணையின்றிக் குழந்தை வளர்க்கும் ஆண்களுக்கும், பணிக்காலம் முழுமைக்கும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியார் ஊழியருக்கு? பிரசவத்துக்கு 26 வாரம் சட்டம் தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிரெச் வேண்டும் என்கிறது. ஆனால் மூணு வயசுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுக்கத் தனி விடுப்பு என்று எந்த மத்தியச் சட்டமும் தரவில்லை. தினக்கூலி வீடுகளில் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் லீவ் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

இருக்கும் லீவும் பெரும்பாலும் அம்மாவுடையதுதான் கரைகிறது. அதனால், பாட்டிலை எடுக்கும் கையை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆலையைச் சோதிக்காத அரசு, லீவ் தராத ஆபீஸ், 'நீயே பாத்துக்கோ' என்று திரும்பிப் படுக்கும் ஆள்... எல்லோரும் சேர்ந்துதான் அந்த மூடியைத் திறக்கிறார்கள்.

இந்த மாசிக்கு நாம என்ன செய்யலாம்?

* மிச்சம் வைத்த பழைய சிரப்பைக் கொடுக்காதீங்க. அக்கா பையனுக்கு எழுதிக் கொடுத்தது உங்க பொண்ணுக்கு வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் 'இருமலுக்கு ஏதாச்சும் குடுங்க' என்றும் கேட்க வேண்டாம்.

* டாக்டர் எழுதினால், 'இது எதுக்கு? கட்டாயம் வேணுமா?' என்று கேளுங்க. டோஸ் குழந்தையின் எடையைப் பொறுத்தது. பில்லும் பேட்ச் எண்ணும் போனில் ஒரு போட்டோவாக இருக்கட்டும்.

* அடைத்த மூக்குக்கு சலைன் டிராப்ஸ், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பான நீராகாரம். ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

* பாட்டி வைத்தியத்திலும் கவனம். கைக்குழந்தை மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் போகலாம். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பைக்கூட வரவழைக்கும். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைத்தால் சுடுநீர் கொட்டும் ஆபத்து. சாம்பிராணிப் புகை இருமலைக் கூட்டும்.

* குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்க. 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதில் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்காதது, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாதது, சிறுநீர் குறைவது... எதற்கும் காத்திருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே டாக்டர்தான்.

இதில் எதுவுமே இருமலை ஒரே ராத்திரியில் நிறுத்தாது. சளிக்கு வேண்டிய மருந்து பெரும்பாலும் ரெண்டு, மூணு நாள் வீட்டில் ஒரு ஆள், அவ்வளவுதான். அந்த ஆளாக அம்மா மட்டுமே இருக்கணும் என்று எந்த மருத்துவப் புத்தகமும் சொல்லவில்லை. இந்தத் தடவை லீவ் மெயிலை அப்பா அனுப்பட்டுமே!